கடாரத்துச் சாலையில் ஒரு பகல்

வாகனத்தில் ஏறுவோர் ஓதவேண்டிய துஆ, திருக்குர்ஆனின் நாற்பத்து மூன்றாம் அத்தியாயமாகிய ஸூரத்துஸ் ஸுக்ருஃபில் உள்ளது. ஒட்டகத்தின் முதுகில் அமர்ந்து அரபிகள் அதனை ஓதினார்கள். மாட்டுவண்டியிலும் பாய்மரக் கப்பலிலும் ஏறிய நம் பாட்டன்மார் ஓதினார்கள். பேருந்திலும் விமானத்திலும் நாம் ஓதி வருகிறோம். ஐம்பதைக் கடந்த வயதில், கடல் கடந்த நாட்டில், ஒரு சிறிய மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் நண்பரின் தோளைப் பற்றிக்கொண்டு அதனை ஓதும் வாய்ப்பு எமக்குப் பினாங்கில் கிடைத்தது. விமானத்தில் ஓதும்போது இருப்பதைவிடக் கூடுதலான உருக்கம் அன்று இருந்தது என்பதை வாசகர்கள் நம்பலாம்.

பினாங்குக்கு நாம் சென்றது நண்பரின் மகள் திருமணத்துக்காக. அவர் அங்கேயே பிறந்தவர். ஜார்ஜ் டவுனில், 1801-இல் காதர் முஹ்யித்தீன் என்னும் தமிழ் முஸ்லிம் தலைவரால் நிறுவப்பெற்ற கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்கு அருகே மளிகைக் கடை வைத்திருக்கிறார். முப்பதாண்டுகளுக்கு முன் தம் பாட்டனார் பிறந்த ஊரைக் காண வந்தவர், நம் மதரஸாவின் திண்ணையில் நின்று வழி கேட்டார். அன்று தொடங்கிய நட்பு கடிதங்களில் வளர்ந்து, இப்போது கைப்பேசியில் நடக்கிறது.

திருமணத்துக்கு இரண்டு மாதங்களுக்கு முன் அந்தக் கைப்பேசியில் ஒரு படம் வந்தது. கூடவே அவர் குரலும் வந்தது: “ஹஜ்ரத், இது எங்க பாட்டனார் எழுதின கித்தாபாம். கெடாவுல மாமி வீட்ல இருக்கு. பிள்ளைங்க ஜாவின்னு நெனச்சு வாசிக்கிறாங்க. வாசிக்க வருது, பொருள்தான் வரல்லையாம். என்னன்னு கொஞ்சம் பாருங்க.”

படம் இருண்டிருந்தது, பாதிப் பக்கம்தான் விழுந்திருந்தது. எனினும் ஒரு வரி தெளிவாகத் தெரிந்தது. அதில் “ரெண்டு கைலி” என்று இருந்தது.

அரபு எழுத்தால் மலாய் மொழியை எழுதுவது ஜாவி. அதே எழுத்தால் தமிழை எழுதுவது அரபுத் தமிழ். அர்வி என்பதும் அதுவே. அரபியில் இல்லாத ஒலிகளுக்காக இரண்டுமே பழைய எழுத்துகளின்மேல் புள்ளிகளைக் கூட்டிப் புதியன அமைத்துக்கொண்டன. ஆனால் ஜாவியில் உயிர்க்குறிகளைப் பெரும்பாலும் இடுவதில்லை. மொழியை அறிந்தவர் சொல்லை ஊகித்து வாசித்துக்கொள்வார். அரபுத் தமிழிலோ குர்ஆனில் இருப்பதுபோல எழுத்துக்கு மேலும் கீழும் குறிகள் நிறைந்திருக்கும்; எகர ஒகரங்களுக்கும் தனிக்குறிகள் உண்டு. ஆகவே குர்ஆன் ஓதத் தெரிந்த குழந்தை அரபுத் தமிழை ஏறத்தாழ ஒலித்துவிடும். தமிழ் தெரியாவிட்டால் தான் ஒலித்தது என்னவென்று மட்டும் அறியாது.

கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களின் ‘ஃபத்ஹுத் தய்யான்’ போன்ற மார்க்க நூல்கள் இவ்வெழுத்தில் அச்சேறி வீடுதோறும் ஓதப்பட்டன. அவற்றைப் பற்றி அறிஞர்கள் எழுதுகிறார்கள், எழுதவும் வேண்டும். ஆனால் கணவன் மனைவிக்கு வரைந்த கடிதமும், கடைக்காரர் எழுதிய பற்றுவரவும், வெளுக்கப் போட்ட துணிக் கணக்கும் இதே எழுத்தில் இருந்தன. அவை கறையானுக்குப் போயின. போகாமல் தப்பிய ஒன்று கெடாவில் ஒரு கம்பத்து வீட்டில் இருக்கிறது என்று அறிந்தபின் அதைக் காணாமல் திரும்ப மனம் வரவில்லை. மாமியோ மேற்கொண்டு படம் எடுக்க விடவில்லை. “வாப்பா எழுத்து. தெரிந்தவர் வந்து வாசிக்கட்டும்” என்று சொல்லிவிட்டாராம்.

திருமணம் முடிந்த வாரத்துச் சனிக்கிழமை புறப்பட்டோம். கெடா மாநிலத்தில் வெள்ளியும் சனியும் விடுமுறை. பினாங்கில் சனியும் ஞாயிறும். இரு வீட்டாருக்கும் பொதுவாக வாய்த்தது சனி ஒன்றே. நண்பரின் கார் மணமக்களோடு போயிருந்தது. எஞ்சியது, கடைக்குச் சரக்குச் சுமக்கும் மோட்டார் சைக்கிள். கால்மிதியால் மட்டும் கியர் மாற்றும் அச்சிறு வண்டிகளை அந்நாட்டார் ‘கப்சாய்’ என்கிறார்கள். “உங்களுக்குக் கஷ்டமா இருக்குமே ஹஜ்ரத்” என்று நண்பர் தயங்கினார். நாம் ஜுப்பாவைக் கழற்றி மடித்துப் பையில் வைத்து, தொப்பியையும் அதனுள் இட்டு, தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டோம். வாதம் அதோடு முடிந்தது.

சுப்ஹு தொழுத கையோடு படகுத்துறைக்கு வந்தோம். பினாங்குக்கும் பட்டர்வொர்த்துக்கும் இடையே 1894 முதல் படகுகள் ஓடுகின்றன. 2023-இல் வந்த புதிய படகுகளில் ஆட்களுக்கும் இருசக்கர வண்டிகளுக்கும் மட்டுமே இடம்; கார்காரர்கள் பாலத்தைச் சுற்றிக்கொண்டு போகவேண்டியதுதான். அலுவலுக்குப் போகும் மலாய்ப் பெண்களும், மீன்கூடை கட்டிய சீனக் கிழவர் ஒருவரும், ஹஜ்ரத்தும் சமமாக நின்றோம். வடக்கே வானம் தெளிந்திருந்தது. அங்கே நீலமாய் ஒரு மலை எழுந்து நின்றது. “அதுதான் ஜெராய்” என்றார் நண்பர்.

ஜெராய் மலையின் உயரம் 1,217 மீட்டர். அவ்வட்டாரத்தில் தாழ்ந்த வயல்களுக்கும் கடலுக்கும் நடுவே அது ஒன்றே தனித்து நிற்பதால், வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிகளுக்கு அதுவே அடையாளம். அதன் அடிவாரத்துத் துறைமுகத்தைத் தமிழர் கடாரம் என்றனர். பட்டினப்பாலையில் வரும் காழகம் அதுவே என்பது உரையாசிரியர் கருத்து. 1025-இல் இராசேந்திர சோழன் படையெடுத்ததும் அங்கேதான். படையோடு போனவனின் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. துணிமூட்டையோடு போனவர்களின் பெயர் எங்கும் இல்லை. நண்பரின் பாட்டனார் இரண்டாவது வகையினர். 1930-களில் வந்து, சைக்கிளின் பின்னால் கைலிகளைக் கட்டிக்கொண்டு, கம்பம் கம்பமாகச் சென்று தவணைக்கு விற்றவர். அங்கேயே ஒரு மலாய்ப் பெண்மணியை நிக்காஹ் செய்துகொண்டார். மூத்த மகனைத் தமிழ் படிக்கவேண்டுமென்று பினாங்கில் தம் தம்பி வீட்டில் விட்டார். அவரே நண்பரின் தந்தை. இளையவளான மகள் தாயோடு கெடாவிலேயே வளர்ந்தார்; அவரே நாம் காணச் சென்ற மாமி.

பட்டர்வொர்த்திலிருந்து பழைய சாலையில் வடக்கே சென்றோம். பின்னிருக்கையில் பயணம் செய்பவனுக்கு முன்னால் தெரிவது நண்பரின் முதுகு மட்டுமே. உலகம் முழுவதும் இரு பக்கங்களில்தான் ஓடுகிறது. பேச்சும் பாதி காற்றோடு போய்விடுகிறது. சுங்கைப் பட்டாணியைக் கடந்து பிடோங்கில் ஒரு மாமாக் கடையில் ‘தே தாரிக்’ அருந்தினோம். தோட்டங்களில் பால்வெட்ட வந்த தமிழர்களின் பேரர்கள் அடுத்த மேசையில் காற்பந்தாட்டம் பற்றித் தமிழும் மலாயுமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நண்பர் வண்டியின் கிலோமீட்டர்ப் பெட்டியைப் பார்த்துவிட்டு, “ஹஜ்ரத், இன்னைக்கு நான் கஸ்ர் செய்யலாமா?” என்று கேட்டார். ஷாஃபிஈ மத்ஹபில் கஸ்ருக்கு உரிய தொலைவு இரண்டு மர்ஹலா. இன்றைய அளவில் எண்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் என்பர். அதனினும் கூடுதலாகக் கொள்வோரும் உண்டு. நாம் போகும் கம்பமோ எழுபத்தைந்தைத் தாண்டாது. “நான்கு ரக்அத்தும் தொழுங்கள்” என்றோம். “வண்டியைக் கொஞ்சம் சுத்தி ஓட்டினா?” என்றார். தொலைவைக் கூட்டுவதற்காகவே சுற்றுவது சலுகைக்கு ஆகாது என்று ஃபிக்ஹு நூல்கள் முன்னரே எழுதிவைத்துவிட்டன. இப்படிக் கேட்கும் நண்பர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள் போலும்.

செமிலிங், மெர்போக் என்று சாலை மேற்கே திரும்பியது. பூஜாங் பள்ளத்தாக்கின் அருங்காட்சியகத்தில் கால் மணி நேரம் நின்றோம். பழைய கோயில்களின் அடித்தளங்களைக் கல் கல்லாக எடுத்து அங்கே அடுக்கி வைத்திருக்கிறார்கள். நண்பருக்கு அவற்றில் ஆர்வமில்லை. மாமி காத்திருப்பார் என்றார். அதுவரை எதிரேயும் பக்கத்திலுமாக நின்ற ஜெராய் மலை, மெர்போக்கைத் தாண்டி யான் நோக்கி வடக்கே திரும்பியதும் வலக்கைப் பக்கம் வந்துவிட்டது. இடப்பக்கம் வயல். 1970-இல் மூடா நீர்ப்பாசனத் திட்டம் வந்தபின் அங்கே இருபோகம் விளைகிறது. வாய்க்கால் கரைமேல் ஒற்றையடியாகச் சென்ற தார்ப்பாதையில் இறங்கினோம். கார் இருந்திருந்தால் அங்கே பயன்பட்டிராது.

கம்பத்தின் பெயரை நாம் எழுதப் போவதில்லை. மாமி அவ்வாறு கேட்டுக்கொண்டார். மரத்தூண்கள்மேல் உயர்த்திக் கட்டிய வீடு. எண்பதைக் கடந்த மாமி வாயிற்படியிலேயே நின்றிருந்தார். நம் தமிழில் சில சொற்கள் அவருக்குத் தெரியும்: வாப்பா, சோறு, தண்ணி, ஒண்ணு, ரெண்டு. மற்றவற்றை நண்பர் மலாயில் சொன்னார்.

வெள்ளைத் துணியில் சுற்றி, குர்ஆன் வைக்கும் பலகையின்மேல் அதை வைத்திருந்தார்கள். உளூவோடுதான் தொடுவார்களாம். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் தலையணைக்கு அருகில் வைப்பார்களாம். மாமி அதை முத்தமிட்டு எம் கையில் தந்தார். நீண்டு ஒடுங்கிய கணக்குப் புத்தகம். அட்டையின் மூலைகளில் தோல் ஒட்டியிருந்தது. சமயப் பள்ளியில் படிக்கும் பன்னிரண்டு வயதுப் பேத்தியிடம் முதல் பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னோம். அவள் தஜ்வீது பிசகாமல், நீட்டவேண்டிய இடத்தில் நீட்டி, “ரெண்டு கைலி… பாக்கி மூணு வெள்ளி…” என்று ஓதினாள். குர்ஆனைப் போலவே ஓதினாள். “ரெண்டு” என்றதும் மாமி நிமிர்ந்து பார்த்தார். தந்தை காசு எண்ணும்போது கேட்ட சொல் அது.

எமக்குச் சங்கடமாயிற்று. எழுபதாண்டுகளாக ஒரு குடும்பம் பரக்கத்துக்காக முத்தமிட்ட நூலைக் கடன் கணக்கு என்று எப்படிச் சொல்வது? மென்மையாக ஆனால் மறைக்காமல் சொன்னோம்: இது துஆக்களின் கித்தாபு அன்று, உங்கள் தந்தையார் கைலி விற்ற கணக்கு. நண்பர் மலாயில் சொல்லி முடித்ததும் சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மாமி கேட்டது ஒரே கேள்வி: “கணக்கு நேர்மையானதா?”

முழுவதும் வாசிக்காமல் அதற்கு விடை சொல்ல முடியாது. லுஹர் பாங்கு சொல்லும்வரை வாசித்தோம். ஹிஜ்ரி 1356-இல், அதாவது 1937-இல் தொடங்குகிறது. பெயர், கம்பம், சரக்கு, தொகை, தவணை. அரபு மாதங்கள், தமிழ் எண்ணுப் பெயர்கள், மலாய்ப் பெயர்கள். 1360-க்குப்பின் கணக்கு சிதறுகிறது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் இறங்கினார்கள். 1943-இல் கெடாவை சயாமிடம் ஒப்படைத்தார்கள். வாழைமரம் அச்சிட்ட ஜப்பானிய நோட்டுகள் போரோடு வெற்றுத்தாளாகிவிட்டன. 1365 ஸஃபர் மாதத்தில் ஒரு பக்கம். முப்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள்; எல்லாவற்றின் மீதும் ஒரு கோடு; கீழே ஒரே வரி: இவர்களுக்கெல்லாம் ஹலாலாக்கிவிட்டேன், பிள்ளைகள் கேட்கவேண்டாம். அதை மாமிக்கு இருமுறை வாசித்துக் காட்டினோம். பெயர்களைக் கேட்டுக்கொண்டே வந்தவர், சிலருடைய பேரர்கள் இன்றும் அண்டை வீட்டார் என்றார்.

கடைசி ஏட்டில், ஹிஜ்ரி 1371-இல், அவர் வஃபாத்தாவதற்குச் சில மாதங்களுக்கு முன், கைநடுங்கிய எழுத்தில் வேறொரு வரி இருந்தது. சைக்கிள் கடைத் தவுக்கேக்கு டயரும் டியூபும் வாங்கிய வகையில் பன்னிரண்டு வெள்ளி தான் கொடுக்கவேண்டும் என்று எழுதியிருந்தார். அதன்மேல் கோடு இல்லை.

நண்பரிடம் தமிழில் சொன்னோம். அவர் முகம் மாறிற்று. “அதை விட்டிடுங்க ஹஜ்ரத். பன்னெண்டு வெள்ளி. கொடுத்திருப்பாரு, அடிக்க மறந்திருப்பாரு. இந்த வயசுல மாமிக்கு இது எதுக்கு?” என்றார். கொடுத்திருக்கலாம்தான். ஆனால் முப்பது பெயருக்குக் கோடு போட மறவாதவர் இதற்கு மட்டும் மறந்தார் என்று கொள்வதற்கு நமக்கு என்ன ஆதாரம்? கடன் தீரும்வரை மூமினின் ஆன்மா அதனோடு பிணைந்து நிற்கும் என்பது ஹதீஸ். அதை நாம் எத்தனையோ மிம்பர்களில் சொல்லியிருக்கிறோம். வாரிசுக்குத் தெரியவேண்டியதை வாசிக்க வந்தவன் தெரிந்தெடுத்து வாசிக்கலாகாது என்றோம். நண்பர் குரலை உயர்த்தினார். எங்கள் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்த மாமி, மலாயில் மெல்லக் கேட்டார்: “கடன் இருக்கிறதா?”

தமிழ் தெரியாதவரிடம் தமிழில் மறைக்க முடியவில்லை.

மாமி கலங்கவில்லை. எவ்வளவு என்று கேட்டார். வாங்கிய நாணயம் புழக்கத்தில் இருக்கும்வரை வாங்கிய எண்ணிக்கையே திருப்பப்பட வேண்டும் என்பது நம் மத்ஹபின் பொதுவிதி. பெயரும் தாளும் பலமுறை மாறிய நாணயத்தின் கதை வேறு, மதிப்பைப் பற்றி ஆலிம்கள் பலவாறு பேசுவர் என்று விளக்கத் தொடங்கினோம். அவர் காத்திருக்கவில்லை. பிஸ்கட் டப்பாவைத் திறந்து, “இப்போது ஒரு டயரும் டியூபும் என்ன விலை?” என்றார். கடனைத் திருப்பும்போது சிறந்த முறையில் திருப்புவது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழிமுறை. மாமி எம் விளக்கத்தைக் கேட்காமலே அங்கு வந்து சேர்ந்துவிட்டார். “சைக்கிள் டயரா, மோட்டார் டயரா?” என்றாள் பேத்தி. மோட்டார் டயருக்கே எடுத்துக் கொடுத்தார்.

பணத்தோடு அருகிலிருந்த சிறு கடைத்தெருவுக்குச் சென்றோம். கணக்கில் தவுக்கேயின் பெயர் இல்லை. மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் கடையில் எழுபது வயதுச் சீனர் ஒருவர் இருந்தார். தம் தந்தை சைக்கிள் கடை வைத்திருந்தது உண்மை என்றார். ஆனால் அக்காலத்தில் தெருவில் இரண்டு சைக்கிள் கடைகள் இருந்தனவாம். மற்றவர் குடும்பத்தோடு எங்கோ குடிபெயர்ந்துவிட்டார். யாருக்குரிய கடன் என்று தெரியாமல் தாம் வாங்கமாட்டேன் என்று மறுத்துவிட்டார். அவர் மறுத்த முறையில் ஒரு கண்ணியம் இருந்தது. உரியவரைத் தேடியும் கிடைக்காவிட்டால் அவர் சார்பில் பொது நன்மைக்குச் செலவிடலாம் என்பது சட்டம். அதைச் சொன்னோம். அவர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். இரண்டு கடைக்காரர்களின் பிள்ளைகளும் அவ்வூர்ச் சீனத் தொடக்கப்பள்ளியில்தான் படித்தார்கள், தாம் அதன் குழுவில் இருப்பதாகவும், அங்கே சேர்க்கலாமா என்றும் கேட்டார். கடனுக்குரியவருக்கு அதைவிட அருகில் ஓர் இடம் எமக்குத் தோன்றவில்லை. கைப்பேசியில் மாமியிடம் கேட்டோம், சம்மதித்தார். மறுநாள் பள்ளி திறந்ததும் ரசீதின் படம் வந்து சேர்ந்தது.

திரும்பும்போது நண்பர் பேசவில்லை. பின்னிருக்கையில் இருப்பவனுக்கு முகம் தெரியாது. தோளின் இறுக்கம் தெரியும். பிடோங்குக்கு முன் மழை பிடித்துக்கொண்டது. அவரிடம் ஒரே மழைச்சட்டை இருந்தது. ஒரு சொல்லும் சொல்லாமல் அதை எம்மிடம் நீட்டினார். பேருந்து நிறுத்தக் கொட்டகையில் ஒதுங்கினோம். அரைமணி நேரத்துக்குப்பின், “எங்க வாப்பா சாகிற வரைக்கும் சொல்லுவாங்க ஹஜ்ரத், உங்க பாட்டன் யாருக்கும் ஒரு காசு பாக்கி வைக்காமப் போனவர்னு. அதை வச்சுத்தான் நான் கடை நடத்துறேன்” என்றார். “பாக்கியை எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்” என்றோம். அவர் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அந்தக் கடைசி வரியில் ‘டயர்’ என்பதை எந்த எழுத்தால் எழுதியிருந்தார் என்று கேட்டார். ஈரப் பலகையில் விரலால் எழுதிக் காட்டினோம்.

இப்போது மாமி படம் எடுக்க அனுமதித்துவிட்டார். பேத்தி வாரம் ஒரு பக்கம் அனுப்புகிறாள். நண்பர் முதலில் தாமே வாசித்து, தமிழில் எழுதி, பிழை பார்க்க எமக்கு அனுப்புகிறார். ழகரமும் ளகரமும் இன்னும் அவரை அலைக்கழிக்கின்றன. அன்று நாம் விரைந்து புரட்டிப் போன ஏடுகளில் ஒன்று சென்ற வாரம் வந்தது. அதில் 1358 ஷவ்வாலில் ஒரு வரி: ஒரு பட்டுக்கைலி, கலியாணத்துக்கு, இனாம். யாருடைய கலியாணம் என்று எழுதவில்லை. மாமியிடம் கேட்டுச் சொல்வதாக நண்பர் எழுதியிருக்கிறார்.